தனியாக ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) விமானம் பழகுகிறேன்: எதிரே வரும்போது கை மாறுகிறது

வணக்கம் நண்பர்களே. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறேன், சொல்லித்தர அருகில் யாரும் இல்லை. என்னிடம் இருப்பது 4 சேனல் (நான்கு கட்டுப்பாடுகள் கொண்ட) ஃபோம் டிரெய்னர், அதாவது புதிதாகப் பழகுபவருக்கான விமானம், இறக்கை மேலே அமைந்தது. 3எஸ் 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி.

விமானம் என்னை விட்டு விலகிப் போகும்போது நன்றாகவே ஓட்டுகிறேன். என்னை நோக்கித் திரும்பியதும் இடமும் வலமும் மாறிவிடுகின்றன. அப்போது தாழும் இறக்கையின் பக்கமே ரிமோட்டின் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும் என்று தெரியும். அந்த நொடியில் கை கேட்பதில்லை. போன ஞாயிறு சோளக்காட்டில் மூக்குக் குத்தி விழுந்து, புரொப்பெல்லர் போய்விட்டது.

தனியாகக் கற்றவர்களே, சிமுலேட்டரில் எத்தனை நாள் பழகினீர்கள்? மேலே உயரத்தில் எட்டு போடுவதா, வட்டமடிப்பதா, எதை முதலில் பழகலாம்? அப்புறம், கோவைப் பக்கம் யாராவது பறக்கவிட்டால் சொல்லுங்கள். ஒரு காலை உங்கள் பக்கத்தில் நின்று பார்த்தாலே எனக்குப் பெரிய உதவி.