துருக்கித் தொழுகை விரிப்பு: பழசுதானா என்று எப்படிப் பார்ப்பது?

கடலோடி:
இஸ்தான்புல்லில் ஒரு கடையில் தொழுகை விரிப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நடுவில் சிவப்பு மிஹ்ராப் (மசூதியில் தொழும் திசையைக் காட்டும் மாடம்) வளைவு, அதன் உச்சியிலிருந்து தொங்கும் விளக்கு, இரு பக்கமும் ஒல்லியான தூண்கள், சுற்றிலும் அடுக்கடுக்காகக் கரை. கோர்தெஸ் ஊர் நெசவு, 150 வருஷத்துக்கு மேல் பழசு என்கிறார் கடைக்காரர். அருங்காட்சியகப் படங்களில் உள்ள டிசைன் அப்படியே இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

நூல்கண்டு:
டிசைனை வைத்து முடிவு செய்யாதீர்கள். கோர்தெஸ் விரிப்புகளுக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியதும், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து துருக்கியின் வேறு ஊர்களான பந்திர்மாவிலும் கைசேரியிலும் அதே தூண், அதே வளைவு என்று நெய்து தள்ளினார்கள். முடிச்சும் கைகொடுக்காது, ஏனென்றால் இரண்டு பாவு நூலையும் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) சுற்றி நடுவில் நுனி எடுக்கும் துருக்கி முடிச்சுதான் நகல்களிலும் இருக்கும். சாயத்தைப் பாருங்கள். கம்பளி இழையைப் பிளந்து அடிவரை பார்க்கும்போது நுனி வெளுத்து, அடியில் மட்டும் பளிச்சென்று ஊதாவோ ரோஜாவோ தெரிந்தால் அது செயற்கைச் சாயம். அந்த வகையில் முதல் சாயமே 1856இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அனடோலியக் (துருக்கியின் ஆசியப் பகுதி) கிராமங்களுக்கு வந்து சேர இன்னும் காலம் பிடித்தது.

தறிவீடு:
கருப்பு, கரும்பழுப்புக் கோடுகளையும் தடவிப் பாருங்கள். இரும்பு சேர்த்த பழைய சாயம் கம்பளியை அரித்துவிடும், அந்த இடம் பள்ளமாக இருக்கும். ஆனால் கத்தரியால் வெட்டியும் பள்ளம் செய்கிறார்கள், அதனால் இது ஒன்றே போதாது. அப்புறம், இழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் நெசவு தொடங்கியிருக்கும். பழைய துருக்கி விரிப்புகள் பலவற்றை வளைவுப் பக்கத்திலிருந்தே நெய்தார்கள், அதனால் அவற்றில் இழை வளைவை நோக்கிச் சாயும். லாதிக் என்ற துருக்கி ஊரின் விரிப்புகளில் நீளக் காம்புத் துலிப் பூக்கள் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், எனக்கு அவற்றைவிட அழகான விரிப்பே கிடையாது.

கடலோடி:
நன்றி நண்பர்களே. வெள்ளைப் பகுதி மட்டும் பருத்தி மாதிரி தெரிகிறது. அப்படியானால் நகலா?

நூல்கண்டு:
அப்படிச் சொல்ல முடியாது. பழைய கோர்தெஸிலும் வெள்ளைக்குப் பருத்தி உண்டு. விரிப்பு முழுக்கவே பளபளப்பு ஏற்றிய பருத்தி என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். இஸ்தான்புல்லின் சுல்தான்அஹ்மத் பகுதியில் துருக்கி இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, அசலை நேரில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தறிவீடு:
இன்னொன்று, பழம்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக துருக்கிச் சட்டம் அனுமதிக்காது. பழைய கம்பளம் என்றால், அது தடையுள்ள பழம்பொருள் இல்லை என்று அருங்காட்சியகச் சான்றிதழ் கேட்பார்கள். அதை வாங்கித் தருவீர்களா என்று கடைக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.