"வலிக்குமா?" என்று கேட்ட குழந்தைக்கு நான் சொன்ன பதில்: குழந்தைகள் பிரிவில் உளவியல் பயிற்சியின்போது நேர்ந்தவை

கார்முகில்:

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் அது எனக்கு இரண்டாவது மாதம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தண்டுவட நீர் எடுக்க வேண்டியிருந்தது. அவளைத் தயார்படுத்தும் பொறுப்பை அன்றுதான் முதன்முறையாக என்னிடம் தனியே விட்டிருந்தார்கள். பொம்மையின் முதுகில் ஊசி போடும் இடத்தைக் காட்டி, எப்படிச் சுருண்டு படுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வலிக்குமா?" என்றாள். அவளுடைய அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்காது கண்ணு" என்றேன். அப்படிச் சொல்லக் கூடாது என்று படித்துத் தேர்வும் எழுதியவள் நான்.

முடிந்த பிறகு, வலியே இல்லாத 0 முதல் மிகக் கடும் வலியான 10 வரை ஆறு முகங்கள் வரைந்த வலி அளவுத் தாளை வழக்கம்போல் நீட்டினேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இடது ஓரத்து முகத்தின்மேல் விரலை வைத்து, "நீங்க சொன்னது இது" என்றாள். விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டே போய்க் கடைசி முகத்தில் நிறுத்தி, "வந்தது இது" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் 10 என்று குறித்துக்கொண்டேன். அழாமல் இருந்ததற்காகச் செவிலியர் அவளைச் சமத்து என்று பாராட்டினார். மறுநாளே எனக்கு வேறு பிரிவு ஒதுக்கப்பட்டது.

அந்திவானம்:

ஒரு சொல்லுக்காக நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தார்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்த வலி குழு முழுவதும் பதில் சொல்ல வேண்டிய வலி.

என்னை உறுத்துவது வேறு. முதல் வகை நீரிழிவு உள்ள பதினான்கு வயதுச் சிறுவன் இன்சுலினைத் தவறவிட்டு மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்தான். தந்தை பக்கத்தில் இருக்கும்போதே நான் கேள்விகளைக் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். கேஸ் ஷீட்டில் "சிகிச்சைக்கு ஒத்துழைப்பதில்லை" என்று எழுதினேன். மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தவன் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டான் என்பது, அவன் உதடுகள் அந்தச் சொற்களை மெல்ல உச்சரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளியில் எல்லார் முன்னாலும் ஊசி போட்டுக்கொள்ள அவனுக்குக் கூச்சம் என்பதை வேறொருவர்தான் பின்னர் அவனைத் தனியே கேட்டு அறிந்தார்.

மூத்தவர்:

பல ஆண்டுகளாகப் பயிற்சியாளர்களை மேற்பார்வையிட்டு வருகிறேன். நானும் தொடக்கத்தில் ஒரு குழந்தையிடம் "எறும்பு கடிப்பது போல" என்று சொல்லி, அதற்கு எறும்பு என்றாலே பயம் வரும்படி செய்தவன்.

அந்திவானம் சொல்வதை நான் ஏற்கவில்லை. களிம்பு தடவினார்களா என்பது ஒரு கேள்வி, குழந்தையிடம் உண்மை சொன்னோமா என்பது இன்னொரு கேள்வி. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுவிட முடியாது. "வலிக்காது", "பயப்படாதே" என்ற சொற்கள் பெரும்பாலும் குழந்தையின் கலக்கத்தைக் கூட்டவே செய்கின்றன. முதலில் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு அழுத்துவது போல இருக்கும், சிலருக்கு வலிக்கும், அப்போது நாம் இருவரும் சேர்ந்து மூச்சை மெதுவாக ஊதுவோம் என்று உடலில் தெரியப்போவதையும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லுங்கள். மிகச் சிறிய குழந்தையிடம் சற்று முன்னதாகச் சொன்னால் போதும். பெரிய பிள்ளைகளுக்கு யோசித்துக் கேள்வி கேட்கச் சில நாள்களாவது வேண்டும். கையில் ஊசி போடும்போது படுக்கவைத்து அழுத்திப் பிடிக்காமல், இயன்றவரை பெற்றோர் மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். வளரிளம் பருவத்தினர் என்றால், எதை இரகசியமாக வைப்போம், உயிருக்கு ஆபத்து அல்லது துன்புறுத்தல் என்று வந்தால் ஏன் வைக்க மாட்டோம் என்பதைப் பெற்றோர் இருக்கும்போதே சொல்லிவிட்டு, அதன் பிறகு தனியே பேசுங்கள்.

அடங்கிக் கிடக்கும் குழந்தையைச் சமத்து என்று நம்பிவிடாதீர்கள். 1952-இல் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், மருத்துவமனையில் எட்டு நாள்கள் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டியது இதைத்தான். அவள் அதிகம் அழவில்லை. அதனாலேயே அவள் துயரம் எளிதில் கண்ணில் படவில்லை. பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வேண்டும் என்று 1959-இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிரிட்டனின் பிளாட் குழு பரிந்துரைத்ததற்குப் பின்னால் இத்தகைய பதிவுகள் இருந்தன.

சிற்றோடை:

ஐயா, நீங்கள் எழுதியவை அனைத்தும் சரியே. ஆனால் எங்களில் பலருக்கு இவை வாரக் கடைசியில், நடந்து முடிந்த பிறகுதான் சொல்லப்படுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் தம்பியைப் பார்க்க வந்த ஐந்து வயது அக்காவிடம், "தம்பி தூங்குகிறான்" என்று நான் சொன்னபோது என் அருகில் யாரும் இல்லை. இரண்டு நாளில் தம்பி இறந்தான். அதற்குப் பிறகு அவள் விளக்கை அணைக்க விடுவதில்லை, கண்ணை மூட மறுக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார். வார்டுக்குள் எங்களை அனுப்பும்போது முதல் சில முறையாவது ஒரு மூத்தவர் உடன் நிற்க வேண்டும் என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

கார்முகில்:

அந்திவானம், வருந்த வேண்டாம் என்று நீங்கள் சொன்னது அன்பினால் என்று தெரியும். ஆனால் அவள் விரல் வைத்துக் காட்டியது என் சொல்லைத்தான். அடுத்த வாரம் அவளுக்கு மீண்டும் ஊசி. நான் அந்தப் பிரிவில் இல்லையென்றாலும் போய்ப் பார்க்க மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டேன். தாமும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன், அன்று நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லப்போகிறேன்.