எல்லாப் பொருத்தமும் இருந்தும் ஈர்ப்பு மட்டும் வராத அனுபவம் உங்களுக்கு உண்டா?

பதிவு

ஏமாற்றியவன் கதையும் விட்டுவிட்டுப் போனவள் கதையும் கேட்க எப்போதும் ஆள் இருக்கிறது. யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் காதல் வரவில்லை என்று சொன்னால் காது கொடுப்பவர் குறைவு. "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால்தான் இந்தத் திரி. என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோழி ஒருத்தி மூலம் அறிமுகமானவர் அவர். நேரில் பார்ப்பதற்கு முன்பே ஃபோனிலும் மெசேஜிலும் நிறையப் பேசிவிட்டோம். எனக்குப் பிடித்த புத்தகங்களை அவரும் படித்திருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருந்தால், அடுத்த முறை பேசும்போது மறக்காமல் அதைத்தான் முதலில் கேட்பார். நேரில் பார்க்கப் போன அன்று பாதி முடிவு எடுத்துக்கொண்டுதான் போனேன்.

நேரிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேச்சு தடையில்லாமல் போனது, நன்றாகச் சிரித்தோம். மேஜையில் இருந்த எதையோ இருவரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போக, அவர் விரல் என் விரல்மேல் பட்டது. அவர் ஒரு நொடி கையை எடுக்காமல் இருந்தார். நான் கையை இழுத்து, கலையாத முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டேன். அருவருப்பு இல்லை, பயமும் இல்லை. கூட வேலை செய்பவர் கை தெரியாமல் பட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

முதல் சந்திப்புப் பதற்றமாக இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன். பதற்றத்தில் ஈர்ப்பு வெளியே தெரியாமல் போவது உண்டுதான். ஆகவே தொடர்ந்து சந்தித்தோம். பதற்றம் போய்விட்டது, அவரிடம் எதையும் பேசலாம் என்ற சகஜம் வந்தது. காதல் மட்டும் வந்தபாடில்லை. அவர் பெயர் திரையில் வந்தால் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் இருக்கும் வேலையை முடித்த பிறகு எடுப்பேன். சந்திப்பு தள்ளிப்போனால் மனசு லேசாகிவிடும். ஒருநாள் எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன்: இவருக்கு வேறொருத்தியைப் பிடித்துவிட்டது என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்? நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் மனசு நம்மோடு வாதாட ஆரம்பிக்கும். நல்லவர், பொறுப்பானவர், மரியாதையாக நடத்துகிறார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். அத்தனையும் உண்மை என்பதால் பதில் சொல்லவும் முடியாது. எனக்குத் தெளிவு கொடுத்தது ஒரு ஆய்வு. சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் மூவரும் 2017ல் வெளியிட்டது. முன்பின் தெரியாத ஆண்களையும் பெண்களையும் சில நிமிடங்கள் மாற்றி மாற்றிச் சந்திக்க வைத்தார்கள். அதற்கு முன்பே ஒவ்வொருவரின் குணம், விருப்பம், எதிர்பார்ப்பு என்று நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்களைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அவ்வளவையும் கணினியில் போட்டுப் பார்த்தபோது, பொதுவாக யாரைப் பலருக்கும் பிடிக்கும், யாருக்குப் பலரையும் பிடிக்கும் என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. இன்னாருக்கு இன்னாரைத் தனியாகப் பிடிக்குமா என்பதைக் கணிக்கவே முடியவில்லை. சந்திக்காமலே தெரிந்துகொள்ள முடியாத ஒன்று இருக்கிறது என்பது அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவரிடமும் குறை இல்லை, என்னிடமும் இல்லை.

சொல்வதுதான் கஷ்டம். "உங்களோடு பேசப் பிடிக்கும். ஆனால் காதல் என்ற உணர்வு எனக்கு வரவில்லை. வருமா என்று உங்களைக் காத்திருக்க வைப்பது நியாயம் இல்லை" என்று நேரிலேயே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நான் எதையாவது மாத்திக்கிட்டா?" என்று கேட்டார். என்னை உலுக்கிய கேள்வி அது. ஈர்ப்பு வராததைத் தன்னிடம் உள்ள குறையாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். "மாற்ற ஒன்றுமே இல்லை. இப்படியே உங்களைப் பிடிக்கிற ஒருத்தி வரணும்" என்றேன். மனசாரச் சொன்னது அது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பதில்

தோழி, நான் மறுபக்கத்தில் நின்றவன். எனக்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. "இந்த வாரம் வேலை அதிகம்", "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றே போனது. வேலைதான் காரணம் என்று நானும் நம்பினேன். அவள் அனுப்பிய மெசேஜை எல்லாம் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஒரு சிரிப்பு பொம்மை இருந்தால் அன்று முழுக்க நம்பிக்கை, இல்லாவிட்டால் அன்று முழுக்கக் கவலை. கடைசியில் வேறு ஒருவர் மூலமாகத்தான் தெரிந்தது. மனம் நோகக்கூடாது என்று நினைத்துத்தான் சொல்லாமல் இருந்திருப்பாள், புரிகிறது. ஆனால் பிடிக்கவில்லை என்ற செய்தியைவிட, அத்தனை மாதம் எதுவும் தெரியாமல் தவித்ததுதான் என்னை அதிகமாக நோகடித்தது. நீங்கள் நேரில் சொன்னதற்கு அந்த நண்பர் சார்பில் நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

பதில்

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஈர்ப்பு இருக்கிறது என்று நம்பிவிட்டேன், பிறகுதான் இல்லை என்று தெரிந்தது.

மலையேறும் குழுவில் சந்தித்த பெண். செங்குத்தான ஒரு பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டியிருந்தது. பாதியில் என் கால் வழுக்கியது. மேலே இருந்த அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் என் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இறங்கும்போது கையைக் கோத்துக்கொண்டுதான் இறங்கினோம். கீழே வந்து, ஒரு சாதாரண மாலையில் உட்கார்ந்து பேசினால் இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடி மலைக்குப் போனோம், மறுபடி அதே படபடப்பு. தரைக்கு வந்தால் காணோம்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 1974ல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரோன் என்ற இருவர் கனடாவில் வான்கூவர் பக்கம் கப்பிலானோ தொங்கு பாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆற்றுக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடுகிற பாலம் அது. அங்கே வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டு, மேலும் விவரம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று தன் ஃபோன் எண்ணைக் கொடுத்தார். தாழ்வான, ஆடாத பாலத்தில் இருந்தவர்களிடமும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்துக்காரர்கள்தான் பிறகு அதிகமாகக் கூப்பிட்டார்கள். பயத்தில் வந்த படபடப்பை அந்தப் பெண்ணின் மேல் வந்த ஈர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இப்போது யாரையாவது பிடித்தால், சத்தமோ சாகசமோ இல்லாத ஒரு இடத்திலும் ஒருமுறை பார்த்துவிடுவேன். அங்கேயும் எழுந்து போக மனசு வராவிட்டால்தான் என் நெஞ்சை நான் நம்புவேன்.

பதில்

எல்லோரும் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒரு விஷயம் விடுபடுகிறது அக்கா. சிலருக்கு ஈர்ப்பு தாமதமாகத்தான் வரும். நான் அந்த ரகம். மனசளவில் ஒருவரோடு நெருங்கிய பிறகுதான் எனக்கு ஈர்ப்பே தோன்றும். இதற்கு டெமிசெக்சுவல் என்று ஒரு பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. முதல் பார்வையில் ஒன்றும் தோன்றவில்லை என்று விலகியிருந்தால் இன்று என்னோடு இருப்பவரை இழந்திருப்பேன்.

ஆனால் உங்கள் கதையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. எனக்கு அவரிடம் ஆவல் இருந்தது. ஃபோன் வந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். சந்திப்பு தள்ளிப்போனால் ஏமாற்றமாக இருக்கும். காதல் என்று பெயர் வைக்கத்தான் தெரியவில்லை, அவர் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே இருந்தது. விதை இருந்தால் காத்திருக்கலாம்.

பதில்

ஒரே ஒரு கேள்வி. சொன்ன பிறகு அவரோடு நட்பைத் தொடர்ந்தீர்களா? நான் இப்போது அதே இடத்தில் நிற்கிறேன். இழக்கவும் மனசில்லை, நம்பிக்கை கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

பதிவிட்டவரின் பதில்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. மறுபக்கத்திலிருந்து எழுதிய சகோதரரின் பதிலை இரண்டு முறை படித்தேன். சொல்லாமல் இழுத்தடிப்பதை இரக்கம் என்று நினைக்கிற எல்லோரும் அதைப் படிக்கவேண்டும். தாமதமாக வரும் ஈர்ப்பைப் பற்றி எழுதிய தங்கை சொன்ன ஆவல்தான் சரியான அளவுகோல் என்று எனக்கும் படுகிறது. என்னிடம் இருந்தது மதிப்பு, ஆவல் துளியும் இல்லை.

கடைசியாகக் கேட்ட தோழிக்கு: நண்பர்களாக இருப்போம் என்று நான் அன்றைக்குச் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. காதலித்தவருக்கு அந்த நேரத்தில் அது நம்பிக்கையாகத்தான் காதில் விழும். "நான் பேசாமல் இருந்தால் கோபம் என்று நினைக்காதே, கொஞ்ச நாள் வேணும்" என்று அவரே சொன்னார். பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பாமல் இருந்தேன். கை பரபரக்கும், ஆனாலும் அனுப்பமாட்டேன். பிறகு அவராகத்தான் பேசினார். இப்போது எப்போதாவது ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதுவார், நானும் பதில் எழுதுவேன். உங்கள் விஷயத்தில் அப்படி நடக்காமலும் போகலாம். நட்பு தொடருமா, எப்போது தொடரும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் செய்யவேண்டியது தெளிவாகச் சொல்லிவிடுவது மட்டும்தான். இந்த வாரமே சொல்லிவிடுங்கள், சொல்லிவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.