மழை வந்தால் மாறும் எஸ்.டபிள்யூ.ஆர்.: டைபோலின் முனைகளுக்கு எந்த இன்சுலேட்டர் பொருத்தம்?

கேட்டவர்:

அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலியின் 40 மீட்டர் பட்டைக்காக (7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகள்) அரை அலை டைபோல், அதாவது அலைநீளத்தில் பாதி நீளமுள்ள, நடுவில் இரண்டாகப் பிரித்த கம்பி ஆன்டெனா ஒன்றைக் கட்டியிருக்கிறேன். மேலுறை இல்லாத 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், மொத்தம் ஏறக்குறைய 20 மீட்டர் நீளத்தில், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அளந்து வெட்டியது. ஒரு முனை இரும்புக் குழாய்க் கம்பத்திலும் மறுமுனை ஒரு மரத்திலும் 9 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நடுவிலிருந்து ஆர்.ஜி.-58 கோஆக்ஸ் கேபிள் (மையக் கம்பியும் அதைச் சுற்றிச் செம்புப் பின்னலும் உள்ளது) நேராகக் கீழே தொங்கி, மொத்தம் 20 மீட்டர் ஓடி வானொலிக்கு வருகிறது. நான் 100 வாட்டுக்கு மேல் அனுப்புவதில்லை.

முனைகளில் இன்சுலேட்டராக, 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டுகளில் துளையிட்டுப் பயன்படுத்தினேன். கம்பத்துப் பக்கம் அதற்கு அப்பால் கால்வனைஸ் செய்த இரும்புக் கம்பியும், மரத்துப் பக்கம் நைலான் கயிறும் இருக்கின்றன. நடுவில் ஓர் அக்ரிலிக் தகடு. அதில் கேபிளைப் பிரித்துப் பற்றவைத்து, மேலே சாதாரண மின்சார டேப்பைச் சுற்றியிருக்கிறேன்.

ஒன்றேகால் ஆண்டு ஒழுங்காக ஓடிய பிறகு இப்போது இரண்டு தொல்லைகள். மரத்துப் பக்கத்துக் குழாய்த் துண்டு துளையோடு சேர்த்துப் பிளந்து கம்பி கீழே விழுந்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே, மழை பெய்தால் 1.3 ஆக இருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் நிலை அலை விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.8 வரை ஏறி, பழைய நிலைக்கு வர இரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டது. விழுந்ததைத் தற்காலிகமாகக் கட்டி ஏற்றிய பிறகு, கடந்த சில வாரங்களாக, வியப்பாக, பட்டை முழுவதும் 1.4-லேயே நிற்கிறது. ஆனால் தொலைவிலுள்ள நிலையங்கள் முன்போலக் கேட்பதில்லை. பி.வி.சி. நனைந்து மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்று நினைத்து, பீங்கானுக்கு மாறலாம் என்றிருக்கிறேன். முட்டை வடிவத்தில் ஒன்றும், வரிவரியாக நீளமாக இன்னொன்றும் கிடைக்கின்றன. எதை வாங்குவது?

பதில் 1:

வணக்கம். தயங்காமல் பீங்கானுக்கே போங்கள். வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யாது. இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பீங்கான், நசுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். பிய்த்து இழுக்கும் விசைக்கு அந்த அளவு தாங்காது. முட்டை வடிவத்தில் கம்பியின் வளையமும் கயிற்றின் வளையமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி பீங்கானை நடுவில் வைத்து நசுக்குகின்றன. அது உடைந்து தூளானாலும் இரண்டு வளையங்களும் கொக்கிபோல மாட்டிக்கொண்டு நிற்கும், ஆன்டெனா தலையில் விழாது. மின்கம்பங்களின் ஸ்டே கம்பிகளில் இந்த வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள்.

நீளமானது இழுவிசையில்தான் வேலை செய்கிறது, ஆகவே உடைந்தால் உடைந்ததுதான். ஆனால் இரு முனைகளுக்கும் இடைவெளி அதிகம். வரிகள் இருப்பதால் மேற்பரப்பு வழியே மின்சாரம் கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. என் அனுபவத்தில் 100 வாட்டுக்கு முட்டையே போதும்.

பதில் 2:

முன்னவர் சொன்ன வடிவ விளக்கம் சரி. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் இரண்டு தொல்லைகளும் வெவ்வேறு காரணங்களால் வந்தவை என்றே எனக்குப் படுகிறது. இன்சுலேட்டரை மாற்றினால் முதலாவது தீரலாம். இரண்டாவது அப்படியே இருக்கும்.

முனையில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் என்பது உண்மைதான். நடுவில் 73 ஓம் என்று வைத்துக்கொண்டால் 100 வாட்டுக்கு அங்கே 85 வோல்ட்டும் 1.2 ஆம்பியரும் இருக்கும். முனையிலோ சில நூறு வோல்ட்டிலிருந்து ஆயிரத்தை ஒட்டி ஏறும். ஆனால் 15 சென்டிமீட்டர் பி.வி.சி. துண்டுக்கு, அது நனைந்தே இருந்தாலும், அந்த அழுத்தம் பெரிய சுமையல்ல. மின்னழுத்தம் திறனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடுவதால், நீங்கள் 400 வாட்டுக்குப் போனாலும் அது இரண்டு மடங்காகத்தான் ஆகும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது வேறொன்று: பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு நாட்கள் ஆயின என்கிறீர்கள். மேற்பரப்பு ஈரம் என்றால் வெயிலும் காற்றும் பட்ட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். நாள்கணக்கில் தங்கும் ஈரம் எங்கோ உள்ளே புகுந்த ஈரம். நடு இணைப்பில் வெறும் மின்சார டேப்தான் இருக்கிறது என்கிறீர்கள். வெயிலில் அதன் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். கேபிளின் பின்னல் கம்பிகள் விளக்குத் திரிபோல நீரை உறிஞ்சிக் கீழே இறக்கும். உங்கள் கேபிள் நடுவிலிருந்து நேராகத் தொங்குவதால் அதற்கு மிக வசதி.

பட்டை முழுவதும் 1.4 என்பது நற்செய்தியல்ல. அந்த உயரத்தில் நல்ல டைபோல் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே அளவைக் காட்டாது, ஓரங்களில் ஏறத்தான் வேண்டும். கேபிளில் இழப்பு கூடும்போது, போகும் அலையும் தேய்கிறது, திரும்பி வரும் அலையும் தேய்கிறது; திரும்புவது குறைவாகத் தெரிவதால் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டி நம்மை ஏமாற்றுகிறது.

சோதிப்பது எளிது. ஆன்டெனாவை இறக்கி, கேபிளின் மறுமுனையில் மையக் கம்பியையும் பின்னலையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, இந்த முனையில் அனலைசரால் (மிகச் சிறு திறனில் எஸ்.டபிள்யூ.ஆரை அளக்கும் கருவி) 7.1-இல் அளந்து பாருங்கள். (இதை வானொலியின் முழுத் திறனில் செய்ய வேண்டாம், அதன் வெளியீட்டுப் பகுதி பாழாகும்.) நல்ல நிலையிலுள்ள 20 மீட்டர் ஆர்.ஜி.-58 எஸ்.டபிள்யூ.ஆர். 10-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். 3 காட்டினால் ஒரு வழிக்கு 3 டெசிபல் இழப்பு, அதாவது உங்கள் 100 வாட்டில் பாதி கேபிளிலேயே சூடாகப் போகிறது என்று பொருள்.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. நேற்று மாலை இறக்கிச் சோதித்தேன். 3.2 காட்டியது. நடுத் தகட்டின் டேப்பை உரித்தபோது அடிப்பக்கம் பிசுபிசுவென்று இருந்தது. கேபிளின் மேலுறையைக் கீறிப் பார்த்தால் செம்புப் பின்னல் கறுத்து, சில இடங்களில் பச்சை பூத்திருந்தது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனேன், ஒன்றரை மீட்டர் கடந்தும் கறுப்பு நிற்கவில்லை. கேபிள் முழுவதையும் மாற்றப்போகிறேன்.

இருந்தாலும் பி.வி.சி. ஏன் பிளந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. தண்ணீர்க் குழாயாக எத்தனையோ அழுத்தத்தைத் தாங்கும் பொருள்தானே? கம்பி தொய்யக் கூடாது என்பதற்காக வீணைத் தந்திபோல இழுத்துக் கட்டியிருந்தேன். நடுவில் ஒரு சாண் தொய்வுதான் இருக்கும்.

பதில் 2:

விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. உங்கள் கம்பி மீட்டருக்கு 28 கிராம். தொங்கும் 9 மீட்டர் கேபிளின் எடை ஏறக்குறைய 360 கிராம். ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர் தொய்வில் இதை நிறுத்த, கம்பிக்காக 7 கிலோவும் கேபிளுக்காக 9 கிலோவும், ஆக ஒவ்வொரு முனையிலும் 16 கிலோ இழுவிசை வேண்டும். தொய்வை 80 சென்டிமீட்டராக விட்டால் அது 4 கிலோவாகக் குறைந்துவிடும். தடித்த ஆர்.ஜி.-213 வாங்க நினைத்தால் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள்; அதே 9 மீட்டர் 1.4 கிலோவாகிவிடும்.

இது காற்றில்லாத நேரத்துக் கணக்கு. ஒரு சாண் தொய்வில் கம்பியின் நீளத்துக்கும் இரு முனைகளுக்கு இடையிலான நேர்தூரத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை சென்டிமீட்டர்கூட வராது. மரம் அரை சென்டிமீட்டர் விலகிச் சாய்ந்தால் தொய்வு முழுவதும் தீர்ந்து, அடுத்த இழுவை நேராகத் துளையின் விளிம்பில்தான் இறங்கும். 80 சென்டிமீட்டர் தொய்வு இருந்தால் மரத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் ஆட இடம் கிடைக்கிறது. அதுவும் போதாது என்றால் மரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றை அதன் வழியே இறக்கி, 5 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது எடை ஏறி இறங்கும், கம்பியின் இழுவிசை மாறாது. எடைக்குக் கீழே ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்மையான செம்பு இப்படி இழுபட்டால் நீளவும் செய்யும். இப்போது கீழே இருக்கும்போதே ஒருமுறை அளந்துவிடுங்கள், 10 சென்டிமீட்டர் கூடியிருந்தாலும் வியப்பில்லை.

பதில் 3:

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. பி.வி.சி.யை மட்டுமே குற்றம் சொல்ல முடியாது. வெயிலைத் தாங்கும் கலவை சேர்க்காத எந்த பிளாஸ்டிக்கும் புற ஊதாக் கதிரால் மேல்தோல் வெளுத்து நொறுங்கும். துளையிட்ட இடத்தில் பிசிறு இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். நான் பல ஆண்டுகளாகக் கால்நடை மின்வேலிக்கான பிளாஸ்டிக் இன்சுலேட்டர்களையே பயன்படுத்துகிறேன். அவை சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளுக்காகவும், ஆண்டு முழுவதும் வெளியில் கிடப்பதற்காகவும் செய்யப்பட்டவை. பார்க்க அழகில்லை, எடை மிகக் குறைவு. நீங்களே செய்வதென்றால் கறுப்பு உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் நல்லது. அந்தக் கறுப்பு, சிறு அளவில் கலந்த கரிப்பொடி. அதுதான் வெயிலைத் தடுக்கிறது. இந்த அளவுக் கரி உங்கள் அலைவரிசையில் கவலைப்பட வேண்டிய இழப்பைத் தராது. டெஃப்லான் மின்னியல்பில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அது மென்மையானது, தொடர்ந்து இழுத்தால் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும், 100 வாட்டுக்கு அது ஆடம்பரமும்கூட. முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் துண்டு செய்து மாட்டுவதாக இருந்தால் வேண்டாம்; 60 டிகிரி செல்சியஸை ஒட்டி அது இளகத் தொடங்கும், நல்ல வெயிலில் இறுகக் கட்டிய துண்டுக்கு அது எட்டாத வெப்பமல்ல.

கயிற்றையும் மாற்றுங்கள். நைலான் நீரை உறிஞ்சும், நனைந்தால் நீளும். பாலிப்ரொப்பிலீன் கயிறு வெயிலில் சீக்கிரம் நார்நாராக உதிரும். பாலியெஸ்டர் பின்னல் கயிறுதான் வெளியில் நிலைக்கும்.

பதில் 1:

நைலானைப் பற்றிச் சொன்னதை நான் அப்படியே ஏற்கவில்லை. தடித்த நைலான் கயிறு என் வீட்டுக் கூரையில் ஆண்டுக்கணக்காக நிற்கிறது. ஆனால் அது மரத்தில் கட்டியதல்ல, நீளும் குணம் அங்கே எனக்கு இடைஞ்சலாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 2:

முட்டை வடிவத்தை வாங்குவதானால் இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பத்துப் பக்கம் இரும்புக் கம்பியால் கட்டியிருக்கிறீர்கள். முட்டையில் இரு வளையங்களும் மிக நெருங்கி நிற்பதால் அவற்றுக்கிடையே சில பிகோஃபாரட் மின்தேக்கம் உருவாகும். 3 பிகோஃபாரட் என்று வைத்தாலும் 7.1 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 7,500 ஓம். டைபோலின் முனையில் மின்மறுப்பே (மாறுமின்னோட்டத்துக்கான தடை) சில ஆயிரம் ஓம் என்பதால் இது தடுப்பாக நிற்காது; அப்பாலுள்ள இரும்புக் கம்பியும் ஆன்டெனாவின் வாலாகி ஒத்ததிர்வை, அதாவது ஆன்டெனா இயல்பாக இசையும் அலைவெண்ணை, கீழே இழுக்கும். அதன் மேல் நீர்ப்படலம் படியும்போது இந்த எண் மழைக்கு மழை மாறும். அப்பால் இருப்பது கயிறு என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே இரும்புக் கம்பியை அகற்றி, கம்பத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் பாலியெஸ்டர் கயிறு விடுங்கள்.

நடுப்பகுதியில் உங்கள் அக்ரிலிக் தகடு மின்னியல்படி தாராளம், அங்கே 85 வோல்ட்தான். (இதே டைபோலைப் பின்னாளில் இரு மடங்கு அலைவெண்ணுள்ள 20 மீட்டர் பட்டையில் ஓட்ட நினைத்தால் நடுவே மின்னழுத்த உச்சமாகிவிடும், அப்போது வேறு கதை.) அங்கே பார்க்க வேண்டியது கேபிளின் எடை எதன் மேல் நிற்கிறது என்பதுதான். பற்றவைத்த இடத்தில் எடை விழவே கூடாது. தகட்டில் மூன்று துளைகள் இட்டுக் கேபிளை வளைத்துக் கோத்து, தகடே அதைப் பிடித்துக்கொள்ளும்படி செய்யுங்கள். கேபிள் பிரியும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். அதன் மேல், தன்னோடு தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும் டேப்பை இழுத்துச் சுற்றி, வெயிலுக்காக அதற்கும் மேலே மின்சார டேப்பைச் சுற்றுங்கள். சிலிகான் பசை இட்டால், காயும்போது புளிப்பு வாடை வரும் வகையை மட்டும் தவிர்க்க வேண்டும். அந்த அமிலம் செம்பை அரிக்கும்.

கேட்டவர்:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கம்பியை அளந்ததில் 11 சென்டிமீட்டர் நீண்டிருந்தது, வெட்டிச் சரிசெய்தேன். புதிய கேபிளை மாட்டுமுன் அதே சோதனையைச் செய்தபோது எஸ்.டபிள்யூ.ஆர். 11 காட்டியது. மரத்துப் பக்கம் முட்டை இன்சுலேட்டர், பாலியெஸ்டர் கயிறு, கப்பி, 5 கிலோ எடை. கம்பத்துப் பக்கம் இரும்புக் கம்பியை அகற்றிக் கயிறு கட்டினேன். அந்தப் பக்கத்து பி.வி.சி. துண்டு முழுதாகத் தெரிந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டேன். நேற்று நல்ல மழை. 7.1-இல் 1.3 என்பது 1.4 ஆகி, மழை விட்ட முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டது. பட்டையின் மேல் ஓரத்தில் 1.7 காட்டுகிறது, அதைப் பார்த்து முதன்முறையாக மகிழ்ந்தேன்.

பதில் 3:

அந்த பி.வி.சி. துண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அதற்கும் காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:

இறக்கிச் சுரண்டினேன், பொடி வந்தது. துளையின் உள்விளிம்பில் கம்பி 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுத்து இறங்கியிருந்தது. கீழிருந்து பார்த்தபோது அது தெரியவே இல்லை. அங்கேயும் முட்டையை மாட்டிவிட்டேன்.