ரிடக்ஷன் கியர்பாக்ஸில் கடகட சத்தம், 1,800 ஆர்பிஎம்மில் மட்டும்

சிறு விமானம், நாலு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின், கியர் விகிதம் 2.43:1 (என்ஜின் 2.43 சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று). மூன்று வாரம் முன்பு மர ப்ரொப்பெல்லரை மாற்றி, கனமான மூன்று இறக்கை ப்ரொப்பெல்லர் போட்டேன். அன்றிலிருந்து என்ஜின் 1,800 ஆர்பிஎம்மில் ஓடும்போது கியர்பாக்ஸ் கடகடவென்று அடிக்கிறது. 2,200 தாண்டினால் அடங்கிவிடுகிறது.

இரண்டு கார்புரேட்டரையும் சமன் செய்தேன். டைனமிக் பேலன்ஸ், இறக்கைக் கோணம், மவுண்ட் ரப்பர் எல்லாம் சரி. எண்ணெயில் வரும் இரும்புத்தூளைப் பிடிக்கும் காந்த பிளக்கில் தூள் எதுவும் இல்லை. ஆனால் கிராங்கைப் பூட்டிவிட்டு ப்ரொப்பெல்லரைத் திருப்பினால் முன்பைவிட லேசாகச் சுழல்கிறது. அதுதான் உறுத்துகிறது. 1,800இல் எரிப்புத் துடிப்பு நொடிக்கு 60. முறுக்கு அதிர்வு ஒத்திசைவாக (இந்தத் துடிப்பு, தண்டின் இயல்பான முறுக்கு அதிர்வோடு ஒத்துப்போய்ப் பெருகுவது) இருக்குமோ? காரணம் தெரியும்வரை பறக்கப்போவதில்லை.

கியர்பாக்ஸுக்குள் முறுக்கு அதிர்ச்சியைத் தாங்கும் டேம்பர் ஸ்பிரிங் தளர்ந்ததா, ப்ரொப்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறன் (சுழல்வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) அதிகமா என்று கியர்பாக்ஸைப் பிரிக்காமல் கண்டுபிடிக்க எதை அளக்க வேண்டும்?