புதுப்பிப்பு: ஏற்காடு மலைப்பாதை விபத்தும் தம்பியின் காலும்

ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கியபோது கொண்டை ஊசி வளைவில் கார் மோதித் தம்பியின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்ததையும், அறுவை சிகிச்சையில் ராடு வைத்தபின் காலை எப்போது ஊன்றலாம் என்ற குழப்பத்தையும் முன்பு எழுதியிருந்தேன். அண்மையில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு வெண்புகைபோலப் படர்ந்திருப்பதைக் காட்டிய மருத்துவர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாதி எடையை மட்டும் ஊன்ற அனுமதித்திருக்கிறார்.

பலரும் எலும்பைப் பற்றியே விசாரித்தீர்கள். எங்களைப் படுத்தியதோ கணுக்கால். அசையாமல் கிடந்ததில் பாதம் கீழ்நோக்கி இறுகிவிட்டதால், பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறான், முகத்தைச் சுளித்துக்கொண்டேதான். புகைத்தால் முறிந்த எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும் என்றதும் சிகரெட்டையும் விட்டுவிட்டான். அம்மா பல ஆண்டுகளாகச் சொல்லி நடக்காத காரியம் இது.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ ரத்தக்கட்டியாக இருக்கக்கூடும் என்பதால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைத்தது. இழப்பீட்டு மனுவுக்காக எஃப்ஐஆர் நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறோம்.