வெளி மென்பொருளை எங்கே நிறுவுவது: /யூஎஸ்ஆர்/லோக்கலா, /ஆப்ட்டா?

தொடுவானம்:
பலர் பயன்படுத்துற லினக்ஸ் சர்வர். டிஸ்ட்ரோவோட (நாங்க போட்டிருக்குற லினக்ஸ் பதிப்போட) மென்பொருள் களஞ்சியத்துல இல்லாத ரெண்டு மென்பொருள் வேணும். ஒண்ணு சோர்ஸ் கோட்ல இருந்து கம்பைல் பண்ணணும், இன்னொண்ணு ஓடத் தயாரான பைனரியாவே டார்ங்கிற தொகுப்புக் கோப்புல வருது. எங்கே போடலாம்?

கரிசல்:
ரெண்டுமே /யூஎஸ்ஆர்/லோக்கல். அட்மின் தானே நிறுவுறதுக்குன்னு ஒதுக்கின இடம். டெபியன்ங்கிற டிஸ்ட்ரோவோட விதிப்படி அவங்க பேக்கேஜ் எதுவும் அங்கே கோப்பு வைக்கக் கூடாது, அதனால அப்டேட் வந்தாலும் உங்க கோப்புக்கு ஆபத்தில்லை. கம்பைலுக்கு முன்னாடி ஓட்டுற கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் பெரும்பாலானதும் சொல்லாமலே அங்கேதான் போடும். கட்டளையைத் தேடுற டைரக்டரி வரிசையான பாத்லயும் /யூஎஸ்ஆர்/பின்னுக்கு முன்னாடி இருக்கு.

நெடுங்கணக்கு:
அந்த முன்னாடிதான் பிரச்சினையே. அங்கே ஒரு பைத்தான் கம்பைல் பண்ணி வெச்சா சிஸ்டம் பைத்தானை மறைச்சிடும். பாத்ல தேடி ஓட்டுற என்வ் கட்டளை வழியா பைத்தான்3-ஐக் கூப்பிடுற ஸ்கிரிப்ட் எல்லாம் புதுசுல போய் விழும், அதுக்கு வேண்டிய மாட்யூல் அங்கே இருக்காது. நீக்குறது இன்னும் மோசம். கோப்பெல்லாம் பின், லிப், ஷேர்னு சிதறிக் கிடக்கும். நீக்குறதுக்கான 'மேக் அன்இன்ஸ்டால்' எல்லா மேக்ஃபைல்லயும் (கம்பைல், நிறுவல் விதிகள் இருக்குற கோப்பு) கிடையாது. /ஆப்ட்ல ஒரு மென்பொருளுக்கு ஒரு டைரக்டரி, வேண்டாம்னா அதோட அழிச்சிடலாம்.

கரிசல்:
பைத்தானுக்கு 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' இருக்குங்க, பைத்தான்3-ங்கிற பேரையே தொடாது. சிதறலுக்கு குனு ஸ்டோங்கிற கருவி: தனித்தனி டைரக்டரில வெச்சு சிம்லிங்க் (அசல் கோப்பைக் காட்டுற இணைப்பு) மட்டும் போடும். உங்க /ஆப்ட்ல ஒவ்வொரு பின்னையும் பாத்ல சேர்க்கணும். கிரான் ஜாப்ல (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலைல) அது எடுபடாது.

நெடுங்கணக்கு:
டெபியன் கிரானோட இயல்பான பாத் /யூஎஸ்ஆர்/பின், /பின் மட்டும்தான். உங்க லோக்கலும் அதுல இல்லையே! அங்கே முழுப் பாதை எழுதுறதுதான் சரி. டார்ல வர்ற பைனரி பெரும்பாலும் தன் லைப்ரரியைத் தன் டைரக்டரிக்குள்ளயே தேடும். அதைப் பிரிச்சு லோக்கல்ல கலந்தா ஓடாமப் போகலாம். எந்தக் கோப்பு எங்கே இருக்கணும்னு சொல்ற எஃப்ஹெச்எஸ் தரம் /ஆப்ட்டை ஒதுக்கியிருக்கிறதே இப்படித் தனியா நிக்கிற தொகுப்புக்குத்தான்.

கரிசல்:
டார் விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா எஃப்ஹெச்எஸ்படி அதோட செட்டிங்ஸ் /எட்சி/ஆப்ட்ல, மாறுற டேட்டா /வார்/ஆப்ட்ல இருக்கணும். ஒரு டைரக்டரியை அழிச்சா முடிஞ்சதுன்னு புதுசா வர்றவங்ககிட்ட சொல்லாதீங்க.

அலைவரிசை:
இது லினக்ஸ் கணக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. ஃப்ரீபிஎஸ்டிங்கிற வேற ஆபரேட்டிங் சிஸ்டத்துல பேக்கேஜ் மேனேஜரே /யூஎஸ்ஆர்/லோக்கல்லதான் நிறுவும். அங்கே கையால போட்டா ரெண்டும் மோதும்.

தொடுவானம்:
சரி, சோர்ஸ் ஸ்டோ வழியா லோக்கலுக்கு, டார் /ஆப்ட்டுக்கு. டார்ல இருக்குற கட்டளைக்கு மட்டும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்ல சிம்லிங்க் போடறேன்.

நெடுங்கணக்கு:
டைரக்டரி பேர்ல வெர்ஷன் எண்ணையும் சேருங்க. புதுசு சரியா ஓடலைன்னா சிம்லிங்க்கைப் பழசுக்குத் திருப்பினாப் போதும்.